இதயத்தை ஆராயக் கணிதம் எதற்கு?

'ஜேசியில் (தொடக்கக் கல்லூரியில்) எச்2 நிலைக் கணிதம் படிக்கும் மகள், இதயத் திசுவில் ஆக்சிஜனும் நைட்ரிக் ஆக்சைடும் எப்படிப் பரவுகின்றன என்று சமன்பாடு போட்டு ஆராயப் போகிறாளாம். ஊசி வைத்து அளந்தால் தெரிந்துவிடாதா?' என்று கேட்டிருக்கிறீர்கள். சிங்கப்பூரின் கெண்ட் ரிட்ஜ் பல்கலைக்கழக வளாகத்தில் ஆய்வு உதவியாளராக இருந்த காலத்தில் இதையே பலர் என்னிடம் கேட்டதுண்டு. அவர்களில் இதய மருத்துவர் ஒருவரும் இருந்தார். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

இதயத் தசையில் ஒரு தந்துகிக்கும் (மிக நுண்ணிய இரத்தக் குழாய்) அடுத்ததற்கும் இடையே சுமார் 20 மைக்ரோமீட்டர்தான். அந்த இடைவெளிக்குள் ஆக்சிஜன் எவ்வளவு தூரம் போய்ச் சேரும்? 1919இல் டென்மார்க்கின் உடலியல் ஆய்வாளர் ஆகஸ்ட் குரோக், தந்துகியைச் சுற்றியுள்ள தசையை ஓர் உருளையாக வைத்துக்கொண்டு இதைக் கணக்கிட்டார். சமன்பாட்டைப் போட்டுக் கொடுத்தவர் எர்லாங். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த கணித நிபுணர். மறுவருடமே குரோக்குக்கு நோபல் பரிசு. கணிதக்காரருக்கு இங்கே என்ன வேலை என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது எர்லாங்கைத்தான்.

நைட்ரிக் ஆக்சைடு வந்ததும் கணக்கு சிக்கலாகிறது. இரத்தக் குழாயின் உள்சுவர் அதை அர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து தயாரிக்கிறது. அதற்கும் ஆக்சிஜன் வேண்டும். குழாயைத் தளர்த்துவதோடு அதன் வேலை முடிவதில்லை. செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜன் உட்காரவேண்டிய அதே இடத்தில் போய் உட்கார்ந்து, ஆக்சிஜன் செலவாவதையும் மட்டுப்படுத்துகிறது. இரத்தத்தில் ஹீமோகுளோபினும் தசையில் மயோகுளோபினும் அதை விழுங்கிவிடுகின்றன. ஆக்சிஜன் குறைந்தால் நைட்ரிக் ஆக்சைடு குறையும். அது குறைந்தால் ஆக்சிஜன் செலவு கூடும். ஒன்றை விட்டுவிட்டு மற்றதைத் தீர்க்க முடியாது.

தந்துகியிலிருந்து தள்ளிப் போகும்போது ஆக்சிஜன் எப்படிக் குறைகிறது என்று கணக்கிட்ட இரண்டு வளைகோடுகளை அந்த மருத்துவருக்குக் காட்டினேன். இரண்டிலும் எல்லா எண்களும் ஒன்றே. ஒன்றில் மட்டும் நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தி பூஜ்யம். தந்துகியை ஒட்டி இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போகும். தள்ளிப் போகப் போக, நைட்ரிக் ஆக்சைடு இல்லாத கோடு முந்திச் சரிந்து தரையைத் தொட்டுவிடும். மற்றது இன்னும் உள்ளே வரை தாக்குப்பிடிக்கும். நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, 'பக்கத்துத் தந்துகி அடைபட்டால்?' என்று கேட்டார். அங்கேயே அந்தத் தந்துகியை நீக்கிக் கணக்கைக் கணினியில் ஓட்டிக் காட்டினேன். துடிக்கிற இதயத்தில், வேறு எதையும் தொடாமல் ஒன்றை மட்டும் அணைத்துப் பார்க்க எந்த ஊசியாலும் முடியாது. அந்த மதியம் எனக்கு இன்றும் பெருமைதான்.

உடனே யாராவது சண்டைக்கு வருவார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன்: அளப்பவர்களை நான் குறைத்துப் பேசவில்லை. எங்கள் கணித மாதிரியில் போட்ட வேகங்களும் மாறிலிகளும் அவர்கள் தந்தவைதான். மாதிரி மட்டும் எதையும் நிரூபித்துவிடாது. ஆனால் திசுவில் நைட்ரிக் ஆக்சைடின் அளவாக வெவ்வேறு ஆய்வுகள் சொல்லும் எண்களுக்குள் பல மடங்கு வேறுபாடு இருக்கிறது. எந்த எண் ஆக்சிஜன் கணக்கோடு ஒத்துப்போகிறது என்று சோதிக்கவும் சமன்பாடுதான் வேண்டும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன். இங்கே டியூஷன் என்ற பெயரில் பிள்ளைகளை டென்-இயர் சீரிஸ் என்ற பழைய தேர்வுத்தாள் தொகுப்பிலேயே மூழ்கடிக்கிறோம். என் அக்கா மகன் வகைக்கெழுச் சமன்பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவான். அது எதைச் சொல்கிறது என்று கேட்டால், 'மாமா, அதெல்லாம் எக்ஸாம்ல வராது' என்கிறான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. சனி, ஞாயிறு இரண்டையும் அதற்கே கொடுத்த பெற்றோர் யாரும் இப்படி ஒரு கேள்வியை அவனிடம் கேட்டதில்லை. உங்கள் மகள் தானாகவே இதயம், ஆக்சிஜன் என்று யோசிக்கிறாள் என்றால் தயவுசெய்து தடுக்காதீர்கள்.

குரோக்கின் உருளையை முதலில் தாளிலேயே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆக்சிஜன் செலவு எங்கும் ஒரே சீராக இருக்கிறது, உருளையின் வெளி விளிம்பைத் தாண்டி எதுவும் போவதில்லை என்று வைத்துக்கொள்ளட்டும். இரண்டு முறை இன்டகிரேட் செய்தால் விடையில் ஒரு லாக் வரும். அது வந்த பிறகு நைட்ரிக் ஆக்சைடைச் சேர்க்கலாம். அங்கிருந்து தாள் போதாது, பைத்தான் என்ற கணினி மொழி வேண்டும்.