அட்டை அசிங்கமாக இருந்தால் ரெக்கார்டு விற்காதா? வாசகர் கேள்வி – பதில்

நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஆறு பாட்டு பதிவு செய்து இணையத்தில் வெளியிட்டோம். கேட்டவர்கள் பாராட்டுகிறார்கள், ஆனால் கேட்பவர்களே சொற்பம். அட்டைப்படம்தான் காரணம் என்கிறார் எங்கள் டிரம்மர். அட்டையால் விற்பனை படுக்குமா?
– வாசகர், கோடம்பாக்கம்

பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறவருக்கு அட்டை ஒரு பொருட்டே இல்லை. அறுபது எழுபதுகளின் தமிழ்ப் படப் பாட்டு ஈபிகளை, அதாவது ஒருசில பாட்டுகளே அடங்கும் சின்ன இசைத்தட்டுகளை, எடுத்துப் பாருங்கள். பல அட்டைகள் படத்தின் ஸ்டில் ஒன்றை வெட்டி ஒட்டி, பின்னால் ஒரு கலரை அடித்து, மிச்ச இடத்தில் பெயரைத் திணித்தவைதான். இருந்தும் விற்றன. வாங்க வந்தவர்கள் இலங்கை வானொலியில் பாட்டைக் கேட்டு மயங்கிவிட்டுத்தான் கடைப்படியே ஏறினார்கள்.

எதை வாங்குவது என்று முடிவு செய்யாமல் வருகிறவரிடம்தான் அட்டை பேசும். 1939-ல் அமெரிக்காவின் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தில் சேர்ந்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ், அதுவரை வெறும் காகித உறையில் போய்க்கொண்டிருந்த ஆல்பங்களுக்குப் படம் வரைந்தார். அதே இசை கூடுதலாக விற்றது. ஒரே அட்டை பணத்தைத் தின்ற கதையும் உண்டு. 1966-ல் பீட்டில்ஸின் ‘யெஸ்டர்டே அண்ட் டுடே’ அட்டையில் கசாப்புக்காரர் அங்கி, இறைச்சித் துண்டுகள், கை கால் உடைந்த பொம்மைகள். கடைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். ஆல்பத்தை வெளியிட்ட கேபிட்டல் நிறுவனம் சரக்கைத் திரும்ப வாங்கி, ஏராளமான பிரதிகளின் மேல் வேறு படத்தை ஒட்டி அனுப்பியது. ஆல்பம் பட்டியலில் முதலிடத்துக்கே போனது. அடி விழுந்தது திரும்ப வாங்கி ஒட்டிய செலவில்.

உங்கள் பெயர் இன்னும் யாருக்கும் தெரியாது. ஆகவே உங்கள் டிரம்மர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. படத்தை 150 பிக்சலுக்குச் சுருக்கி, போனைக் கைநீட்டுத் தூரத்தில் வைத்துப் பாருங்கள். மெல்லிய எழுத்துருவில் முதலில் காணாமல் போவது புள்ளி: ‘காற்று’ என்பது ‘காறறு’ ஆகிவிடும். அடுத்து ண, ன சுழிகள் அடைத்துக்கொள்ளும். தடித்த எழுத்து, அதிகம் போனால் இரண்டு சொல், எழுத்தின் உயரம் படத்தின் எட்டில் ஒரு பங்கு. பக்கத்திலேயே தலைப்பு ஓடுவதால் எழுத்தே இல்லாத அட்டையும் இணையத்தில் நன்றாக எடுபடும். என் ஓட்டு அதற்குத்தான். ஏற்றுகிற படம் 3000-க்கு 3000 பிக்சல், ஆர்ஜிபி (திரைக்கான நிறமுறை), ஜேபெக் கோப்பு. இணைய முகவரி, போன் நம்பர், விலை எதையும் படத்தில் போடாதீர்கள், பாட்டை வெளியிடும் விநியோகத் தளங்கள் நிராகரித்துவிடும். பெரும்பாலான விநியோகத் தளங்களில் பாட்டை இறக்காமலே படத்தை மட்டும் மாற்ற முடியும். மாற்றிவிட்டு ஒரு மாதக் கணக்கை ஒப்பிடுங்கள்.

மார்கழிக் கச்சேரிப் பதிவை எல்பியாக (12 அங்குல இசைத்தட்டாக) கொண்டுவருகிறோம். திரையில் மயில்கழுத்து நீலமாக ஜொலித்த அட்டை, அச்சகம் கொடுத்த மாதிரி அச்சில் அழுக்கு நீலமாக வந்திருக்கிறது. அச்சகத்தின் தவறா?
– வாசகி, மயிலாப்பூர்

இல்லை. அந்த நீலம் நாலு கலர் மையின் எல்லைக்குள் வராது. வேலையைத் தொடங்கும்போதே சிஎம்ஒய்கே-க்கு (அந்த நாலு மைக்கான நிறமுறைக்கு) மாற்றி, வருகிற நிறத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்; அல்லது ஐந்தாவது கலராக, தனியே கலந்து தரும் பான்டோன் மைக்குக் காசு கொடுங்கள். தங்க நிறமும் அப்படியே. நாலு கலரில் அடித்தால் கடுகு நிறம்தான் வரும், உலோக மை அடித்தாலோ, தங்கத்தாள் (ஃபாயில்) ஒட்டினாலோதான் தங்கம்.

இணையத்துக்குச் செய்த படத்தையே கொடுத்திருந்தால் அது இன்னொரு வம்பு. 12 அங்குலத் தட்டின் அட்டை ஒரு பக்கம் சுமார் 315 மில்லிமீட்டர். வெட்டுக்கு நாலு புறமும் 3 மில்லிமீட்டர் சேர்த்தால் 321. அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் ஏறக்குறைய 3,800 பிக்சல் வேண்டும். 3,000 பிக்சலில் புகைப்படம் தப்பிக்கும், எழுத்தின் ஓரம் ரம்பம்போல் தெரியும். எழுத்தைத் தனியாக வெக்டராக (எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் உடையாத கோட்டு வடிவமாக) கொடுங்கள்.

கறுப்புப் பின்னணியா? நாலு மையையும் 100 சதவீதம் ஏற்றாதீர்கள். மை காயாமல் அடுத்த தாளின் முதுகில் ஒட்டும்; ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கேட்கவே வேண்டாம். நீலம் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 போதும். மடிப்பில் கறுப்பு வெடித்து வெள்ளைக்கோடு விழும், அதனால் லேமினேஷன் போட்ட பிறகே மடிக்கச் சொல்லுங்கள். அட்டையின் முதுகு, அதாவது அடுக்கில் வெளியே தெரியும் ஒல்லியான ஓரம், 3 மில்லிமீட்டர்தான். அதில் எழுத்து 2 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, மடிப்பு ஒரு மில்லிமீட்டர் நகரத்தான் செய்யும்.

கூரியரில் அனுப்பும்போது தட்டை அட்டைக்குள் வைக்காதீர்கள். குலுங்கும் தட்டு மேல் ஓரத்தைக் கிழித்துவிடும். உள்ளுறையோடு அட்டைக்குப் பின்னால் வைத்து அனுப்புங்கள். அழகான அட்டையும் கிழிந்து போய்ச் சேர்ந்தால் திரும்பித்தான் வரும்.

போட்டோஷாப்பில் ‘கொ’ என்று அடித்தால் கொம்பு தனியாக, எழுத்து தனியாக நிற்கிறதே?
– வாசகர், அம்பத்தூர்

பழைய பதிப்பு என்றால் பிரெஃபரன்சஸ் போய், டைப் பகுதியில் ‘வேர்ல்டு-ரெடி லேஅவுட்’ தேர்ந்தெடுத்து, மென்பொருளை மூடித் திறங்கள். அச்சகத்துக்கு அனுப்பும் முன் எழுத்துகளை அவுட்லைனாக (எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக) மாற்றுங்கள். அதற்கு முன்னால் ஒற்றுப்பிழை பார்த்துவிடுங்கள், பிறகு திருத்த முடியாது.

மூர் மார்க்கெட்டில் வாங்கிய எல்பியின் அட்டையில் செல்லோடேப், பழைய ஆள் பேனாவில் எழுதிய பெயர். தட்டு புதிதுபோல் இருக்கிறது. விலை குறையுமா?
– வாசகர், பெரம்பூர்

குறையும். சேகரிப்பாளர்கள் தட்டுக்குத் தனியாக, அட்டைக்குத் தனியாகத் தரம் போடுவார்கள். டேப்பைப் பிய்த்தால் படமும் சேர்ந்து வரும். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் காட்டி மெதுவாக விலக்குங்கள். பழுப்புக் கறை போகாது. பேனா எழுத்தை அழிக்கவே முயலாதீர்கள். படுக்கைவாக்கில் அடுக்கினால் தட்டின் வட்டம் அட்டையில் பதிந்து தேயும், நிமிர்த்தி வையுங்கள்.

அடுத்த முறை வாங்கும்போது ஒரு பூதக்கண்ணாடி கொண்டுபோங்கள். அட்டையை ஸ்கேன் செய்து மறுபடி அச்சடித்திருந்தால் முகத்தில் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அலை அலையாகத் தெரியும், சின்ன எழுத்தின் ஓரத்திலும் கலர்ப் புள்ளி இருக்கும். அதற்கு அசல் பிரதியின் விலையைக் கொடுக்காதீர்கள்.