தெர்மோஸ்ராற்றின் பூட்டை இன்றே கழற்றுங்கள்

கேள்வி: ஸ்காபரோவில் எங்கள் வீட்டு பேஸ்மென்ற்றை ஒரு தாய்க்கும் மகனுக்கும் மூன்று வருடமாக வாடகைக்குக் கொடுத்திருக்கிறோம். வாடகை ஒழுங்காக வருகிறது. காஸ் பில்லில் 40 வீதம் தருவதாகக் கையெழுத்து வைத்தவர் போன குளிர்காலம் முதல் தரவில்லை. 610 டொலர் நிற்கிறது. முழு வீட்டுக்கும் ஒரே ஃபர்னஸ். அவர் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே ஹீட் காணாது என்பார். செலவு தாங்காமல் படியடியில் உள்ள தெர்மோஸ்ராற்றுக்குப் பெட்டி போட்டுப் பூட்டி, இரவில் 17 பாகையில் விட்டோம். அவர் நகரசபையில் முறைப்பாடு செய்துவிட்டார். மகனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டதே நாங்கள்தான். அடுத்த குளிருக்குள் என்-4 என்ற வாடகைப் பாக்கி அறிவித்தலைக் கொடுத்து எழுப்பலாமா? அல்லது எங்கள் அம்மா வந்து இருக்கப்போகிறார் என்று, சொந்தத் தேவைக்கான என்-12 அறிவித்தலைக் கொடுக்கலாமா?

பதில்: பள்ளிக்கூடம், நன்றி, திறந்த ஜன்னல் எல்லாவற்றையும் ஒரு பக்கம் வையுங்கள். உங்கள் கடிதத்தில் சட்டம் பார்க்கப்போவது ஒரே ஒரு இலக்கத்தை: 17.

ஒன்ராறியோவில் செப்டம்பர் 1 முதல் ஜூன் 15 வரை வெப்பம் ஒரு அத்தியாவசிய சேவை. குறைந்தது 20 பாகை இருக்க வேண்டும். ரொறன்ரோ மாநகர விதி 21 கேட்கிறது. ஸ்காபரோ அதற்குள்தான் வருகிறது. பகலில் இவ்வளவு, இரவில் இவ்வளவு என்று பிரிவினை இல்லை. அளப்பதும் நீங்கள் நினைக்கும் இடத்தில் அல்ல: மாகாண விதிப்படி நிலத்திலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில், வெளிச்சுவரிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி, அவர்கள் புழங்கும் அறைகளில். படியடித் தெர்மோஸ்ராற் 21 காட்டும்போது அந்தப் பையன் படுக்கும் அறையில் 18 இருந்தால், உங்கள் கணக்கு 18தான். வாடகைக்கு இருப்பவரே வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய வீடு என்றால் நிலைமை வேறு. நீங்கள் பூட்டுப் போட்ட நிமிடமே அந்த வாதத்தை இழந்துவிட்டீர்கள். சின்ன மின் ஹீட்டர் ஒன்று வாங்கிக் கொடுத்தோம் என்பதும் பதில் ஆகாது. துணை ஹீட்டர் முதன்மை வெப்பமாகக் கணக்கில் வராது.

இனி என்-4. அது வாடகைப் பாக்கிக்கு மட்டுமான அறிவித்தல். தனியாகக் கட்டும் காஸ் பங்கு வாடகை அல்ல. என்னிடம் வந்தவர்களில் எத்தனையோ பேர் விழுந்த குழி இது. ஒருவர் இரண்டு மாத வாடகையோடு மின்கட்டணப் பங்கையும் கூட்டி என்-4இல் எழுதி, வெளியேற்றம் கேட்கும் எல்-1 விண்ணப்பமும் போட்டு, மாதக்கணக்கில் விசாரணைத் தேதிக்குக் காத்திருந்தார். அன்று பத்து நிமிடம்கூடப் போகவில்லை. தொகை பிழை, அறிவித்தல் செல்லாது, விண்ணப்பம் தள்ளுபடி. உண்மையிலேயே வரவேண்டியிருந்த வாடகைக்கும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. உங்களுக்கு வாடகைப் பாக்கியே இல்லை. என்-4 நிரப்ப ஒரு சதம்கூட இல்லை.

2021 செப்டம்பரிலிருந்து இத்தகைய கட்டணப் பாக்கியை, வாடகைத் தகராறுகளை விசாரிக்கும் மாகாண வாடகைச் சபையிலேயே வேறு விண்ணப்பத்தில் கேட்கலாம். அது பணத்துக்கான வழி, வெளியேற்றும் வழி அல்ல. அதைப் போட்டால் நடக்கக்கூடியதையும் சொல்கிறேன். அவர் தன் பக்கம் ஒரு விண்ணப்பம் போடுவார். குளிரில் இருந்த மாதங்களுக்கு வாடகைக் கழிவு கேட்பார். அதற்கு அவருக்கு ஒரு வருட அவகாசம் உண்டு. இதேபோல் பூட்டுப் போட்ட ஒருவருக்காக நான் சபையில் நின்றிருக்கிறேன். எதிர்த்தரப்பில் ஒரு பாட்டி. கட்டில் அருகே வைத்த வெப்பமானியைத் தினமும் கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் தேதியும் நேரமும். என் கட்சிக்காரர் தான் சிக்கனமாக இருந்ததைக் காட்ட இரண்டு வருட காஸ் பில்களைக் கொண்டுவந்திருந்தார். குளிர் கூடிய வருடத்தில் பில் குறைந்திருந்தது. அந்தத் தாள்களே அவருக்கு எதிரான சான்றாயின. கேட்கப் போன தொகையைவிடக் கூடவே திருப்பிக் கொடுத்தார். உங்கள் 610 டொலரும் அந்தப் பாதையில்தான் நிற்கிறது.

என்-12 பற்றி நினைக்கவே வேண்டாம். 60 நாள் அவகாசமும் ஒரு மாத வாடகை நட்டஈடும் கொடுத்தாலும், உங்கள் அம்மா உண்மையாகவே வந்து குடியிருக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர் நகரசபையில் முறைப்பாடு செய்ததற்காகத்தான் எழுப்புகிறீர்கள் என்று வாடகைச் சபை கண்டால், மாகாண வாடகைச் சட்டத்தின் 83ஆம் பிரிவுப்படி மறுத்தே ஆக வேண்டும். நீங்களே உங்கள் கடமையைப் பாரதூரமாக மீறியிருந்தாலும் அப்படித்தான். வெப்பத்தை நிறுத்துவது தண்டம் விதிக்கக்கூடிய குற்றம் என்பதையும் மறக்காதீர்கள்.

ஆகவே சமாதானமாகப் போங்கள். 610ஐ விட்டுவிடுகிறேன் என்று எழுதுங்கள். பதிலுக்கு போன குளிர்காலம் பற்றிய கோரிக்கையை அவரும் கைவிடுவதாக எழுதி, இருவரும் கையெழுத்து வையுங்கள். கையெழுத்துக்கு முன் யாரிடமாவது ஆலோசனை கேட்க அவருக்கு நேரம் கொடுங்கள். நெருக்கி வாங்கிய கையெழுத்து சபையில் நிற்காது. இனிவரும் பில்லுக்கு, மாதாமாதம் பிரதி கொடுத்துப் பங்கு கேட்பதாக ஒரு வரி சேருங்கள். பில்லைக் காட்டாமல் தொகையை மட்டும் சொல்வதுதான் பல வீடுகளில் சண்டையின் தொடக்கம்.

செலவைக் குறைக்க வேறு வழி இருக்கிறது. அத்திவாரச் சுவரும் மேல்தள மரச்சட்டமும் சேரும் விளிம்பில் கையை வைத்துப் பாருங்கள். பழைய வீடுகளில் அங்கேதான் குளிர்காற்று ஊதும். அதை அடைக்கலாம். ஃபர்னஸ் ஃபில்ரரை மாற்றலாம், பக்கக் கதவுக்கு ரப்பர் பட்டி ஒட்டலாம். ஆனால் மேல்மாடி சூடாகட்டும் என்று கீழே போகும் குழாய்களை மூடாதீர்கள். அதுவும் வெப்பத்தை மறுப்பதுதான். வேலைக்காக அவருடைய பகுதிக்குள் போவதென்றால் 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் அறிவியுங்கள், காலை 8 முதல் இரவு 8க்குள், காரணத்தோடு. பனியில் வருகிற ஆளைத் திடீரென்று கூட்டிக்கொண்டு கதவைத் தட்டினால் இன்னொரு முறைப்பாடு தயார்.

பூட்டைக் கழற்றியதும் படம் எடுத்து வையுங்கள். அந்தப் பையனின் அறையில் ஒரு வெப்பமானி வைக்க அவரிடம் அனுமதி கேளுங்கள். நகரசபைப் பரிசோதகர் வந்தால் அன்றைய அளவை நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் கொடுக்கும் கடிதத்தில் ஒரு கெடு இருக்கும். அது தாண்டுவதற்கு முன் எனக்கு எழுதுங்கள்.