குறுந்தொகையைப் பாடுவது – கடிதம்

அன்புள்ள ஐயா,

மயிலாடுதுறையில் வாய்ப்பாட்டு படிக்கிறேன். வில்ஹெல்ம் முல்லரின் 24 கவிதைகளுக்கு ஷூபர்ட் 1827-ல் இசையமைத்த ‘குளிர்காலப் பயணம்’ கேட்டதிலிருந்து, குறுந்தொகையில் எட்டுப் பாடல்களை எடுத்து அதுபோல ஒரு தொடர் செய்ய ஆசை. எல்லாம் ஆதி தாளம், பாட்டுக்கு ஒரு ராகம் என்று நினைத்திருக்கிறேன். எந்த ராகங்கள் பொருந்தும்? பியானோ சேர்க்கலாமா? ‘யாயும் ஞாயும்’ மெட்டை அனுப்பியிருக்கிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

மெட்டைக் கேட்டேன். நல்ல குரல் உங்களுக்கு. முதல் மூன்று அடிகள் அழகாக வந்திருக்கின்றன. ராகத்தை நீங்களே முடிவு செய்யுங்கள். பியானோவும் உங்கள் விருப்பம். வயலின் கூட வெளியிலிருந்து வந்ததுதான். ஆனால் நாலாவது அடியில் நீங்கள் செய்திருப்பதை என்னால் விட முடியவில்லை. கொஞ்ச நாளாக என் மனதில் ஓடிக்கொண்டிருப்பதும் அதுதான்.

‘செம்புலப் பெயனீர் போல’. மூன்றே சீர். மற்ற அடிகளில் நான்கு. நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தைய அடி, அப்படித்தான் வரும், பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். தாளம் நிரம்பவில்லையே என்று நீங்கள் ‘போல’வைப் பிடித்து இழுத்து, திருப்பித் திருப்பிப் பாடி, சங்கதி போட்டு ஆவர்த்தனத்தை, தாளத்தின் ஒரு முழுச் சுற்றை, நிரப்பிவிட்டீர்கள். ஏன் இந்த அவசரம்? ‘யாரா கியரோ’, ‘எம்முறைக் கேளிர்’, ‘எவ்வழி அறிதும்’ என்று மூன்று அடிகளும் கேட்டுக்கொண்டே வருகின்றன. நாலாவதில் செம்மண்ணில் மழை விழுகிறது. அங்கே ஒரு சீர் இல்லை. கேட்பவருக்கு மூச்சு ஒரு கணம் நிற்கிறது. அதற்குப் பிறகுதான் ‘அன்புடை நெஞ்சம்’. எழுதியவரின் பெயர் கூட நமக்குத் தெரியாது, இந்த அடியை வைத்துத்தான் செம்புலப்பெயனீரார் என்கிறோம். அந்த அடியில் போய் அட்சரக் கணக்குப் பார்க்கலாமா? அந்த இடத்தை நிரப்பாதீர்கள். தம்புரா மட்டும் ஒலிக்கட்டும்.

இதற்கு வழி உங்கள் பக்கத்துக் கோயில்களிலேயே இருக்கிறது. தாளத்தோடு பாடுவதைப் பண்ணாங்கம் என்றும், தாளமில்லாமல் பாடுவதைச் சுத்தாங்கம் என்றும் ஓதுவார்கள் சொல்வார்கள். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர்க் கோயிலில் சாயரட்சை முடிந்ததும் ஓர் ஓதுவார் சுத்தாங்கமாகத் தேவாரம் பாடுவார். ஒரு சொல் முடிந்து அடுத்தது வருவதற்குள், நந்தி பக்கம் நிற்கும் பாட்டிகள் அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லி முடித்திருப்பார்கள். அவ்வளவு நிதானம். அவர் வாயில் ஒரு சொல் இரண்டாக உடைந்து நான் கேட்டதில்லை. செய்யுளின் நடையே அவருக்குப் போதுமானதாக இருந்தது. அகவலை, அதாவது இந்த ஆசிரியப்பாவை, அப்படிப் பாடிப் பாருங்கள். ஆதி தாளம் ஓடிப்போய்விடாது.

அப்புறம், தொடர் என்றால் ஷூபர்ட்டிடம்தான் போக வேண்டுமா? தாராளமாகப் போங்கள், பெரிய கலைஞன். ஆனால் பூம்புகார் உங்களுக்கு டவுன் பஸ் தூரம். சிலப்பதிகாரத்தில் கானல்வரி படித்தீர்களா? கோவலன் யாழை வாங்கிக் காவிரியைப் பாடுகிறான். அவன் மனம் வேறொருத்தி மேல் என்று மாதவி நினைத்துக்கொள்கிறாள். தானும் வேறு குறிப்பு உடையவள் போலப் பாடுகிறாள். அவன் அதை நம்பி எழுந்து போய்விடுகிறான். அங்கே ஒரு பாட்டுத்தான் அடுத்த பாட்டைப் பிறப்பிக்கிறது. உங்கள் எட்டில் மூன்றாவதை ஆறாவதாக வைத்தால் ஏதாவது குலையுமா? குலையாது என்றால் அது தொடர் இல்லை, வெறும் எட்டுப் பாட்டு.

‘யாயும் ஞாயும்’ தலைவன் சும்மா சொன்னதில்லை. கூடிய பிறகு இவன் பிரிந்துவிடுவானோ என்று தலைவி அஞ்சுகிறாள், அவள் முகம் மாறியதைக் கண்டு சொல்கிறான். அப்படியானால் அவளுடைய அச்சம் முன்னால் கேட்க வேண்டாமா? அதற்கு எந்தப் பாடலை வைக்கப்போகிறீர்கள் என்று முதலில் எழுதுங்கள். மெட்டை அப்புறம் கேட்கிறேன்.