சேத்துக்கோழி டீமும் 433 ஹோம் ரன்னும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பையன் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தப்ப ஒஹாயோல டொலிடோங்கற ஊர்ல பேஸ்பால் மேட்ச் கூட்டிட்டுப் போனான். டீம் பேரு மட் ஹென்ஸ், அதாவது சேத்துக்கோழியாம்! ஸ்டேடியம் ஜோரா இருக்கு, கூட்டமும் இருக்கு, ஆனா "இது பெரிய லீக் இல்லம்மா, மைனர் லீக்"ங்கறான். மைனர்னா சின்னப் பசங்களா? ஆடினவங்களுக்கெல்லாம் தாடி மீசை இருந்துச்சே! (மதுரை வாசகி)

அம்மா, முதல்ல கோழியை முடிச்சிடுவோம். நம்ம ஏரில நெத்தில வெள்ளையா நாமம் போட்ட மாதிரி கருப்பா ஒண்ணு நீந்துமே, நாமக்கோழி, அதோட அமெரிக்க சொந்தக்காரன்தான் இந்த மட் ஹென். 1896ல இந்த டீம் ஆடின கிரவுண்டு பக்கத்துல சதுப்பு நிலம், அதுல இந்தக் கோழிங்க நிறைய, அப்படியே பேரு ஒட்டிக்கிச்சு.

மைனர்னா வயசு இல்ல, படி. மேல மேஜர் லீக்ல 30 டீம். ஒவ்வொண்ணுக்கும் கீழ சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏன்னு நாலு டீம், ஆக மொத்தம் 120. 2021க்கு முன்னாடி 160 இருந்துச்சு, செலவு கட்டுப்படியாகலன்னு கழிச்சுட்டாங்க. நீங்க பாத்தது டிரிபிள் ஏ, கடைசிப் படி. டெட்ராய்ட் டைகர்ஸோட டீம் அது. டீமை நடத்தறது ஒருத்தர், ஆட்டக்காரங்களுக்குச் சம்பளம் குடுக்கறது மேல இருக்கற டைகர்ஸ். அதனால டொலிடோ ஜெயிக்குதா தோக்குதாங்கறது டைகர்ஸுக்கு ரெண்டாம்பட்சம். நாளைக்கு மேல ஒரு ஆளுக்கு முழங்கால் போச்சுன்னா அனுப்ப ஒருத்தன் தயாரா இருக்கானா, அதான் அவங்க கவலை. டொலிடோலேர்ந்து டெட்ராய்ட் கார்ல ஒரு மணி நேரம்தான். அந்தத் தாடிக்காரங்கள்ல பலபேர் அந்த ஒரு மணி நேரத்தைக் கடக்கறதுக்கு ஏழெட்டு வருஷமா ஆடிட்டு இருக்கறவங்க.

கேள்வி: அங்க யாராவது காலம் பூரா கீழயே ஆடி பேரு வாங்கினவங்க உண்டா? இல்ல மேல போகாதவன்லாம் தோத்தவன்தானா? (நாகர்கோவில் வாசகர்)

இருக்காரே, அதே சேத்துக்கோழி டீம்லயே! மைக் ஹெஸ்மன். ஆறடி அஞ்சு அங்குலம், கலிஃபோர்னியாக்காரர், 1996ல பள்ளிக்கூடம் முடிச்ச கையோட, புது ஆளுங்களை டீம்கள் வரிசையா தேர்ந்தெடுக்கற டிராஃப்ட்ல, அட்லாண்டா பிரேவ்ஸ்ங்கற மேஜர் டீம் 15வது ரவுண்டுல எடுத்தாங்க. பெரும்பாலும் மூணாவது பேஸ், முதல் பேஸ்ல நிக்கற இன்ஃபீல்டர். பேஸ்னா ரன் எடுக்க ஓடறவன் வரிசையா தொட வேண்டிய இடம். இன்ஃபீல்டர்னா பேஸ்களை ஒட்டி உள்வட்டத்துல நிக்கற நாலு பேர், அதுல மூணாவது பேஸை "ஹாட் கார்னர்"ம்பாங்க, ஏன்னா வலது கைக்காரன் இழுத்து அடிச்சா பந்து நேரா உங்க மூஞ்சிக்குத்தான் வரும். அதைப் புடிச்சா மட்டும் போதாது, அங்கேர்ந்து அந்தக் கோடில இருக்கற முதல் பேஸுக்கு, அடிச்சவன் ஓடி வந்து சேர்றதுக்குள்ள, ஒரே எறில சேக்கணும். நம்மூர்ல சில்லி பாயிண்ட்ல நிக்கற தைரியமும் பவுண்டரிலேர்ந்து எறியற கையும் ஒருத்தருக்கே வேணும்னா எப்படி இருக்கும், அந்த மாதிரி.

இந்த மனுஷன் 20 சீசன் ஆடினார், மைனர் லீக்ல 433 ஹோம் ரன், அதாவது பந்தை வேலிக்கு வெளிய தூக்கி அடிக்கறது, நம்ம சிக்ஸர் மாதிரி. 2015 ஆகஸ்ட் 3, டொலிடோலயே, மூணு பேஸ்லயும் ஆள் நிக்கும்போது தூக்கி வெளிய அடிச்சார், அதுதான் 433வது. பஸ் ஆர்லெட்னு ஒரு பழைய ஆளோட 432ங்கற சாதனை பல பத்து வருஷமா அமெரிக்க மைனர் லீக்ல உக்காந்திருந்துச்சு, அன்னிக்குப் போச்சு. (மெக்ஸிகோ லீக்கையும் சேத்தா எக்டர் எஸ்பினோ 484ஓட மேல நிக்கறார், சண்டைக்கு வராதீங்க.)

சரி, இவ்வளவு அடிச்சவரை ஏன் மேல வெச்சுக்கல? கூப்பிடாம இல்ல. பிரேவ்ஸ், டைகர்ஸ், மெட்ஸ் மூணு பேரும் கூப்பிட்டாங்க, எல்லாம் சேத்து மேஜர்ல 109 மேட்ச், 14 ஹோம் ரன். ஆனா 223 தடவை அடிக்க நின்னதுல 42 ஹிட்தான் (அடிச்சுட்டு பத்திரமா பேஸ் போய்ச் சேர்ந்தது), ஆவரேஜ் .188, .200ஐக்கூட தொடல. கீழயும் அவர் ஆவரேஜ் .230 சுத்தித்தான், அடிச்சா வெளிய, இல்லன்னா மூணு ஸ்ட்ரைக் வாங்கிட்டு உள்ள, ஸ்ட்ரைக் அவுட் மட்டும் ஆயுசு மொத்தத்துல 2,000த்துக்கு மேல. இதுல நேரமும் ஒரு பங்கு. அவர் பிரேவ்ஸ்ல முன்னேறி வர்றப்ப மூணாவது பேஸ்ல சிப்பர் ஜோன்ஸ் நிக்கறார், பின்னாடி பேஸ்பால் ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம் போனவர். நம்ம பக்கம் ராஜிந்தர் கோயல்னு ஒரு ஸ்பின்னர், ரஞ்சில 637 விக்கெட், இந்தியாவுக்கு ஒரு டெஸ்ட்கூட இல்ல, ஏன்னா பிஷன் சிங் பேடி அதே காலத்துல பிறந்துட்டார். அந்தக் கணக்கு எல்லா ஊர்லயும் உண்டு.

ஹெஸ்மன் மாதிரி ஆளுக்கு அங்க ஒரு செல்லப் பேரும் இருக்கு, "குவாட் ஏ". மூணு ஏவுக்கு அதிகம், மேஜருக்குக் கம்மி, இல்லாத நாலாவது ஏல இருக்கறவன். கேலியாத்தான் சொல்லுவாங்க. எனக்கு என்னமோ அது கேலியா படல. 2007ல டொலிடோ ஆடற இன்டர்நேஷனல் லீக்கோட சிறந்த ஆட்டக்காரர், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ல அமெரிக்காவுக்காக வெண்கலம், 2011ல ஜப்பான்ல ஓரிக்ஸ் டீம், ரிட்டயர் ஆனதும் டைகர்ஸ்லயே பேட்டிங் கோச். இந்த வாழ்க்கையைத் தோல்வின்னு எழுதணும்னா நாமல்லாம் என்னன்னு எழுதறது?

கேள்வி: சம்பளம் எவ்வளவு சார் வரும்? டாலர்ல தானே, கொட்டுமே! (சேலம் வாசகர்)

கொட்டாது. 2022ல டிரிபிள் ஏல குறைஞ்சபட்சம் வருஷத்துக்கு 17,500 டாலர், அடிமட்டத்துல, அதாவது சிங்கிள் ஏக்கும் கீழ புதுசா சேர்ந்தவங்க ஆடற பயிற்சி லீக்ல, 4,800. வருஷத்துக்கு! மாசத்துக்கு இல்ல. சீசனுக்கு முன்னாடி நடக்கற ஸ்பிரிங் டிரெய்னிங்குக்கு சம்பளமே கிடையாதுன்னு வெச்சிருந்தாங்க. ஒரே அபார்ட்மெண்ட்ல அஞ்சாறு பேர் காத்து மெத்தை போட்டுப் படுத்துக்கறது, இல்லன்னா ஊர்க்காரங்க யாராவது வீட்டுல ஒரு ரூம் விட்டுக் குடுப்பாங்க, சீசன் முடிஞ்சா பார்சல் தூக்கற வேலை, கோச்சிங் கிளாஸ்.

ஏரன் சென்னினு ஒருத்தர், மார்லின்ஸ்ங்கற மேஜர் டீம் கீழ முதல் பேஸ்லயும் ஆடினவர், 2014ல இந்தச் சம்பள விஷயத்துக்காக மேஜர் லீக் மேல கேஸ் போட்டார். வக்கீல்கள்ல ஒருத்தர் காரெட் பிராஷஸ், அவரே பழைய மைனர் லீக் பிட்சர் (பந்து எறியறவர்), ஆட்டத்தை விட்டுட்டு சட்டம் படிச்சு வந்தவர். கேஸ் நடக்கறப்பவே, 2018ல, 2,000 பக்கத்துக்கு மேல இருந்த ஒரு செலவு மசோதாவுக்குள்ள "இவங்களுக்கு ஓவர்டைம் சட்டம் பொருந்தாது"ங்கற மாதிரி ஒரு பிரிவைச் சொருகி பாஸ் பண்ணிட்டாங்க. அதுக்கு வெச்ச பேரு என்ன தெரியுமா, "அமெரிக்காவின் பொழுதுபோக்கைக் காப்பாற்றும் சட்டம்". வாய்ல வருது எனக்கு, பத்திரிகைல எழுத முடியாது. கடைசில 2022ல 18.5 கோடி டாலருக்கு சமரசம், அதே வருஷம் யூனியன், 2023ல முதல் ஒப்பந்தம். டிரிபிள் ஏ 35,800, அடிமட்டம் 19,800, தங்க இடமும் உண்டு. அதே வருஷம் மேஜர்ல குறைஞ்சபட்சம் 7,20,000. பென்ஷனுக்குத் தகுதி வர மேஜர்ல 43 நாள் இருந்தா போதும், கீழ பத்து வருஷம் பஸ்ல போனாலும் அந்தக் கணக்குல ஒரு நாள்கூட ஏறாது.

கேள்வி: பேஸ்பால் மேட்ச் டிரா ஆகாதாமே, ஒருத்தர் ஜெயிக்கற வரைக்கும் ஆடுவாங்களாம். அப்ப விடிய விடிய ஆடினாங்கன்னா? (ஈரோடு வாசகர்)

ஆடியே இருக்காங்க! அதுவும் மைனர் லீக்லதான். 1981 ஏப்ரல் 18, சனிக்கிழமை ராத்திரி, ரோட் ஐலண்ட் மாநிலத்துல பாடக்கெட், எதிர்ல ரோச்செஸ்டர். வழக்கமா 9 இன்னிங்ஸ். அன்னிக்கு 9 முடிஞ்சு சமம், 20 முடிஞ்சு சமம். 21வதுல ரோச்செஸ்டர் ஒரு ரன் எடுத்துடுச்சு, அப்பாடா வீட்டுக்குப் போலாம்னு எல்லாரும் மூச்சு விடறாங்க, பாடக்கெட்டோட மூணாவது பேஸ் ஆள் ஒருத்தர் ஒரு டபுள் (ரெண்டாவது பேஸ் வரைக்கும் ஓடவிடற அடி) அடிச்சு மறுபடி சமம் பண்ணிட்டார். குளிர்னா எலும்பு வரைக்கும், உடைஞ்ச பேட்டையெல்லாம் பீப்பாய்ல போட்டுக் கொளுத்திக் கை காய வெச்சிருக்காங்க. இத்தனை மணிக்கு மேல நிறுத்தணும்னு லீக்ல விதி உண்டு, ஆனா அம்பயர் கைல இருந்த புஸ்தகத்துல அந்த வரி அச்சாகல. லீக் தலைவரை ஃபோன்ல புடிச்சு, 32வது இன்னிங்ஸ் முடிஞ்சு, விடிகாலை 4:07க்குத்தான் நிறுத்தினாங்க. வந்த 1,740 பேர்ல மிச்சம் 19 பேர். லூயிஸ் அபோன்டேங்கற பிட்சர் முன்னாடியே வீட்டுக்குப் போய் கதவைத் தட்டினா, "எங்க இருந்தே?" "பேஸ்பால் ஆடிட்டு இருந்தேன்"ன்னா எந்த மனைவி நம்புவா, மனுஷன் திரும்ப வந்து டிரெஸ்ஸிங் ரூம்ல படுத்தாராம்.

மிச்சத்தை ஜூன் 23 ஆடினாங்க, 18 நிமிஷத்துல முடிஞ்சுது. 33வது இன்னிங்ஸ், பேஸ்ல மூணு பேர், டேவ் கோஸாங்கற முதல் பேஸ் ஆள் ஒரு சிங்கிள் (முதல் பேஸ் வரைக்கும் போற அடி) தட்டினார், ஸ்கோர் 3-2, பாடக்கெட் ஜெயிச்சுது.

இப்ப பாருங்க. அன்னிக்கு ரோச்செஸ்டர் பக்கம் மூணாவது பேஸ் கால் ரிப்கன், 13க்கு 2, அதாவது 13 தடவை அடிக்க நின்னு 2 ஹிட். பின்னாடி தொடர்ந்து 2,632 மேட்ச் ஆடி ஹால் ஆஃப் ஃபேம் போனார். இந்தப் பக்கம் டபுள் அடிச்சவர் வேட் பாக்ஸ், 12க்கு 4, அவரும் ஹால் ஆஃப் ஃபேம். கோஸா 14க்கு 5, ரெண்டு பேரையும் விட அதிக ஹிட், ஜெயிக்க வெச்ச அடியும் அவரோடது. மேஜர் லீக்ல அவர் ஒரு மேட்ச்கூட ஆடல. பாக்ஸே 1976ல சேந்து 1982ல தான் மேல போனார்னா பாத்துக்கங்க.

கேள்வி: இந்தியாக்காரங்க யாரும் போனதே இல்லையா? (காஞ்சிபுரம் வாசகர்)

போனாங்க, ஆனா இன்ஃபீல்டர் இல்ல, பிட்சர்கள். உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறியற பசங்க ரிங்கு சிங், தினேஷ் படேல். டிவில வேகமா பந்து எறியற போட்டி வெச்சுப் புடிச்சாங்க, 2008 நவம்பர்ல பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தம் போட்டுச்சு. ரிங்கு சிங்கிள் ஏ வரைக்கும் ஏறினார், அதுக்கு மேல முடியல. மல்யுத்தம் பாக்கற வீட்டுல வீர் மஹான்னு ஒருத்தர் நெத்தில பட்டை போட்டுட்டு வந்து உறுமினாரே, பாத்தீங்களா? அவர்தான்.