மாத்திரை விட்டுப்போனால் மறைக்காதீர்கள்: குழந்தைகள் மூட்டுவாதம், கேள்வி பதில்

குழந்தைகளுக்கான மூட்டுவாத கிளினிக்கில் 18 வருடமாக செவிலியராக இருக்கிறேன். நோயைக் கண்டுபிடிப்பதும் மருந்தை மாற்றுவதும் டாக்டர் வேலை. வீட்டில் ஊசி போடக் கற்றுக்கொடுப்பதும், மருந்து எங்கே தடைபடுகிறது என்று கேட்டு அறிவதும் என் வேலை. அதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள்.

சேலம், 6 வயதுச் சிறுமியின் அம்மா: முழங்கால் வீங்கி 2 மாசம் ஆச்சு சிஸ்டர். காலைல நொண்டுறா, பத்து மணிக்கு மேல ஓடியாடி விளையாடுறா. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நடிக்கிறான்னு மாமியார் சொல்றாங்க.

நடிப்பு இல்லை அம்மா. காலையில் இறுக்கம், நடக்க நடக்கத் தளர்வு, இதுதான் இந்த நோயின் நடை. 16 வயதுக்குள் தொடங்கி, 6 வாரத்துக்கு மேல் நீடித்து, வேறு காரணம் எதுவும் இல்லையென்றால் ஜே.ஐ.ஏ., அதாவது காரணம் தெரியாத குழந்தைகள் மூட்டுவாதம் என்பார்கள். குழந்தைகள் மூட்டுவாத மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள். காலையில் எழுந்து நடப்பதை செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். ஓ.பி.க்கு வரும் நேரத்தில் நொண்டல் போயிருக்கும்.

திருநெல்வேலி: ஆர்.ஏ. ஃபேக்டர்னு ரத்த டெஸ்ட் எடுத்தோம், நெகட்டிவ். அப்போ மூட்டுவாதம் இல்லைதானே?

அப்படி இல்லை. இந்த நோயுள்ள பெரும்பாலான குழந்தைகளுக்கு அது நெகட்டிவ்தான்.

தஞ்சாவூர், 9 வயதுப் பையனின் அம்மா: மூட்டுவாதத்துக்கு ஞாயிற்றுக்கிழமை மெத்தோட்ரெக்சேட் மாத்திரை. சனிக்கிழமையே வயிற்றைப் புரட்டுதுங்கிறான். அட்டையைப் பார்த்தாலே ஓங்கரிக்கிறான். அடிச்சுக்கூடப் பார்த்துட்டேன்.

அடிக்காதீர்கள் அம்மா. அவன் பிடிவாதம் பிடிக்கவில்லை. சில தடவை குமட்டல் வந்ததும் உடம்பு அந்த நாளையும் நிறத்தையும் மணத்தையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்கிறது. பிறகு மருந்து உள்ளே போகாமலே குமட்டும். எங்களிடம் வந்த ஒரு பிள்ளைக்கு மஞ்சள் நிற மிட்டாயைப் பார்த்தாலே வாந்தி வந்தது, அவள் சாப்பிட்ட மாத்திரை மஞ்சள்.

சில வழிகள் இருக்கின்றன. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, தூங்கப் போகும் முன் கொடுத்துப் பாருங்கள். மாத்திரைக்கு முன்னால் வாந்தி தடுக்கும் மருந்து தரலாமா, பக்கவிளைவைக் குறைக்க இதோடு தரும் ஃபோலிக் ஆசிட் விட்டமின் ஒழுங்காகப் போகிறதா என்று டாக்டரிடம் பேசுங்கள். இதே மருந்து தோலுக்கு அடியில் போடும் ஊசியாகவும் இருக்கிறது. சில பிள்ளைகளுக்கு அதில் குமட்டல் குறைகிறது. தோசைக்குள் ஒளித்து வைப்பது மட்டும் வேண்டாம். ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் நீங்கள் ஊட்டும் தோசையையே நம்ப மாட்டான். வீட்டில் கர்ப்பிணி யாராவது இருந்தால் அவர் இந்த மாத்திரையைப் பொடிக்கவே கூடாது.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன்: மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள். தினமும் கொடுத்தால் ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். கிழமையை அட்டையின் மேல் பேனாவால் எழுதி வையுங்கள்.

கோயம்புத்தூர், 11 வயதுச் சிறுமியின் அப்பா: மூணு மணி நேரம் காத்திருந்தா மூணு நிமிஷம் பார்க்கிறார். ரெண்டு வாரம் மருந்து விட்டுப்போச்சுன்னு உண்மையைச் சொன்னதுக்கு எல்லார் முன்னாடியும் திட்டினார். இனி 'எல்லாம் ஒழுங்கா போடுறோம்'னுதான் சொல்வேன்.

திட்டியது தப்பு, அதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் உங்கள் பதிலை டாக்டர் நம்பினால் என்ன நடக்கும் என்று பாருங்கள். மூட்டு வீங்கியே இருக்கிறது, மருந்து முழுசாகப் போகிறது, அப்படியானால் மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவெடுப்பார். டோஸைக் கூட்டுவார், அல்லது அடுத்த கட்ட மருந்தான, விலை அதிகமான பயாலஜிக் ஊசிக்குப் போவார். உண்மையில் தோற்றது மருந்தா? அது உள்ளே போகவே இல்லையே! மெத்தோட்ரெக்சேட் வேலை காட்டவே 6 முதல் 12 வாரம் ஆகும். நடுவில் இரண்டு வாரம் விட்டுப்போனது தெரிந்தால்தான் அவரால் கணக்குப் போட முடியும்.

அதே அப்பா: அப்போ எல்லாத் தப்பும் பெத்தவங்க மேலயா?

இல்லை ஐயா. நீண்ட நாள் நோய்களுக்கு, வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாகப் பாதிப் பேர்தான் மருந்தை ஒழுங்காக எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-இலேயே சொன்னது. இது உங்கள் வீட்டுக் குறை மட்டும் இல்லை. கேட்கிற விதத்திலும் இருக்கிறது. "ஒழுங்கா போடுறீங்களா?" என்றால் யாரும் "ஆமாம்" என்பார்கள். நான் "போன மாசம் நாலு டோஸ்ல எத்தனை உள்ள போச்சு?" என்று கேட்பேன். "மூணு சிஸ்டர்" என்று தானாக வரும்.

மதுரை, 24 வயதுப் பெண்: நடுவுல பேசுறேன், மன்னிக்கணும். எனக்கு 5 வயசுல வந்தது. 13 வயசுல மாத்திரையை எல்லாம் பீரோவுக்குப் பின்னாடி போட்டேன். பொங்கலுக்கு வெள்ளையடிக்க பீரோவை நகர்த்தினப்போதான் அம்மாவுக்குத் தெரிஞ்சது. அதுக்குள்ள டோஸை ரெண்டு தடவை கூட்டியிருந்தாங்க. அம்மா பக்கத்துல உட்கார்ந்திருக்கும்போது டாக்டர்கிட்ட நான் எப்படிச் சொல்வேன்?

நன்றி அம்மா, இதைத்தான் சொல்ல நினைத்தேன். கோயம்புத்தூர் ஐயா, உங்கள் மகளுக்கு 11 வயது. அடுத்த தடவை ஐந்து நிமிடம் டாக்டரிடமோ செவிலியரிடமோ அவளைத் தனியாகப் பேச விடுங்கள். மறுத்தால் கேட்டு வாங்குங்கள். எல்லார் முன்னாலும் திட்ட வேண்டாம் என்று டாக்டரிடம் நேராகவே சொல்லுங்கள். நான் பார்த்தவரை, அப்படிச் சொன்ன பிறகு பலர் குரலைத் தாழ்த்தியிருக்கிறார்கள்.

அதே அப்பா: சரி சிஸ்டர். சொல்லிப் பார்க்கிறேன்.

ஈரோடு: வீக்கம் வத்திடுச்சு, மருந்தை நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். வற்றியதே மருந்தால்தான்.

கடலூர்: 3 மாசமா வலி இல்லை. நிறுத்தினா என்ன?

மேலே ஈரோட்டுக்குச் சொன்னதுதான்.

வேலூர்: ஸ்டீராய்டு பயமா இருக்கு, நேத்திலிருந்து நிறுத்திட்டேன்.

இன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். நிறுத்தலாமா என்று மூன்றாவது முறையாக வருகிறது, ஆனால் இது அவசரம். பல வாரம் ஸ்டீராய்டு சாப்பிட்ட உடம்பு, தானாக அதைச் சுரப்பதைக் குறைத்திருக்கும். சட்டென்று நிறுத்தினால் மயக்கம், வாந்தி, ரத்த அழுத்தச் சரிவு வரலாம். டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். குழந்தை சோர்ந்து கிடந்தாலோ வாந்தி எடுத்தாலோ போனுக்குக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள்.

நாமக்கல்: புளி, தயிர், உருளைக்கிழங்கு ஒதுக்கணுமா?

வேண்டாம். வளர்கிற பிள்ளை, வயிறாரச் சாப்பிடட்டும்.

திண்டுக்கல், 4 வயதுச் சிறுமியின் அம்மா: ஒரு முழங்கால்தான் வீக்கம். ஏ.என்.ஏ. ரத்த டெஸ்ட் பாசிட்டிவ். கண் டாக்டர்கிட்ட எதுக்கு அனுப்புறாங்க? கண் நல்லாத்தானே இருக்கு?

நல்லாத்தான் இருக்கும், அதுதான் பயம். இந்த வகையில் கண்ணுக்குள் வரும் அழற்சி பெரும்பாலும் சிவக்காது, வலிக்காது. பார்வை போன பிறகுதான் வீட்டில் தெரியும். ஸ்லிட் லாம்ப் கருவியில் பார்த்தால் மட்டுமே பிடிபடும். உங்கள் மகளைப் போன்றவர்களுக்கு 3 மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள். முழங்கால் சரியானாலும் கண் பரிசோதனையை விடாதீர்கள்.

சென்னை, 17 வயது: டாக்டரிடம் தனியாகப் போகலாமா? அம்மாவே எல்லாம் பேசிடுறாங்க.

போகலாம். முதல் பாதி நீ தனியாகப் பேசு, பிறகு அம்மாவைக் கூப்பிட்டுக்கொள். மருந்தின் பெயர், டோஸ், கிழமை மூன்றையும் நீயே சொல்லப் பழகு. மெத்தோட்ரெக்சேட் என்றால் மது கூடாது, கருத்தரிக்கவும் கூடாது. இதைப் பற்றி அம்மா இல்லாத நேரத்தில் டாக்டரிடம் கேள். தயக்கமாக இருந்தால் சீட்டில் எழுதிக் கொண்டு போய் அவர் மேஜையில் வை. எத்தனையோ பிள்ளைகளின் சீட்டை வாங்கி நானே டாக்டரிடம் கொடுத்திருக்கிறேன்.