கேசினோவின் கைத்தவறு

அன்புள்ள ஐயா,

வெளிநாட்டுக்குச் சுற்றுலா போனபோது மச்சானும் நானும் ஒரு கேசினோவுக்குள் நுழைந்தோம். 21ஐத் தாண்டாமல் அதற்குக் கிட்டப் போகிறவர் ஜெயிக்கும் பிளாக்ஜாக் சீட்டாட்ட மேசையில் மச்சான் கையில் 20. சீட்டுப் போட்ட பெண் ஐந்து சீட்டு எடுத்ததில் அவளுக்குச் சரியாக 21. கூட்டலில் தவறி 22 என்று நினைத்தவள், தான் தோற்றதாக மச்சானுக்குப் பணத்தைத் தள்ளிவிட்டாள். நம் காசுக்கு 600 வெள்ளி இருக்கும். அவன் வாயே திறக்கவில்லை. “ஊரையே மொட்டையடிக்கிறவனிடம் எடுத்தால் பாவமா?” என்கிறான். ஆன்லைன் கேசினோக்களில் புதுக் கணக்குக்குத் தரும் போனஸையும் என் மாமியார் ஐசியிலும் (அடையாள அட்டை) அவன் சித்தி ஐசியிலும் கணக்குத் திறந்து எடுத்திருக்கிறான். “அவனாகத்தானே கொடுக்கிறான்” என்பது அதற்கு நியாயம். இதில் எது சாமர்த்தியம், எது திருட்டு? பெயரைப் போட வேண்டாம்.

கிள்ளான் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார் உங்கள் மச்சான். அவிழ்த்துப் பார்ப்போம்.

அளவுக்கு மீறிய சலுகையைக் கணக்குப் போட்டுப் பயன்படுத்துவதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. 500 வெள்ளி கட்டினால் 500 வெள்ளி போனஸ், ஆனால் 10,000 வெள்ளிக்கு ஆடிய பிறகே பணத்தை வெளியே எடுக்கலாம் என்று வையுங்கள். நூற்றுக்கு 5 கேசினோவுக்கு நிற்கும் ஸ்லாட் மெஷினில் ஆடினால் சராசரியாக 500 போய்விடும், போனஸ் கரைந்தது. நூற்றுக்கு அரை மட்டுமே நிற்கும் பிளாக்ஜாக்கில் பிசகாமல் ஆடினால் 50தான் போகும். அதனால்தான் பிளாக்ஜாக் இதில் சேராது என்று பொடி எழுத்தில் போடுகிறார்கள். போட மறந்தால் அது அவர்கள் தலையெழுத்து.

அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டியின் கேசினோக்கள் வியாபாரம் படுத்துக் கிடந்த நேரத்தில், பெரிய தொகைக்கு ஆடுகிறவர்களை இழுக்க, தோற்ற பணத்தில் நூற்றுக்கு 20 தள்ளுபடி என்று இறங்கிவந்தன. டான் ஜான்சன் என்பவர் ஆட்ட விதிகளையும் பேரம் பேசித் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டார். 5 லட்சம் டாலர் தோற்றால் 4 லட்சம் கட்டினால் போதும். 2011 வாக்கில், சில மாதங்களில், மூன்று கேசினோக்களில் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி டாலர் ஜெயித்தார். மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசி முடித்த வியாபாரம் அது. ஒருவன் கணக்கில் கெட்டி, இன்னொருவன் பேராசையில் கோட்டைவிட்டான், அவ்வளவுதான்.

அப்புறம் ஃபில் ஐவி என்ற போக்கர் ஆட்டக்காரரின் வழக்கு. இந்த வழக்கு நமக்குக் கொஞ்சம் பக்கத்தில் நடந்தது போலத்தான். லண்டனில் நடந்தாலும், அந்த கிராக்ஃபோர்ட்ஸ் கேசினோ நம் மலேசியாவின் கெந்திங் குழுமத்துடையதாக இருந்தது. அதே பெயரில் இங்கே மலை மேலேயும் ஒரு ஹோட்டல் இருக்கிறது. 2012 ஆகஸ்டில் ஐவி அங்கே, கூட்டல் 9க்குக் கிட்ட வரும் பக்கம் ஜெயிக்கும் பக்காரா சீட்டாட்டத்தில் ஒரு வகையை ஆடினார். கூட ஒரு சீனப் பெண். சில சீட்டுக் கட்டுகளில் முதுகுப்பக்க டிசைன் இரண்டு ஓரமும் ஒரே மாதிரி வெட்டுப்பட்டிருக்காது. அந்தப் பெண் கண்ணுக்கு அது தப்பாது. சீட்டைத் திறக்கும்போதெல்லாம் இது நல்லது, இது கெட்டது என்று சொல்லி, அதற்கேற்ப ஒரு பக்கமாகத் திருப்பி வைக்கச் சொன்னார். ஏதோ ராசி பார்க்கிறார்கள் என்று சீட்டுப் போட்டவர் அப்படியே செய்தார். 7, 8, 9 எல்லாம் ஒரு பக்கம், மற்றவை மறுபக்கம். ஜெயித்த ராசிச் சீட்டு, மாற்றாதீர்கள் என்று அதையே மறுபடி கலைக்கவும் வைத்தார்கள். முதல் சீட்டு பெட்டியை விட்டு வருமுன்பே அதன் முதுகைப் பார்த்துப் பணம் கட்டலாம்! ஐவி 77 லட்சம் பவுண்டு ஜெயித்தார். கேசினோ அவர் போட்ட 10 லட்சத்தை மட்டும் திருப்பிக் கொடுக்க, அவர் வழக்குப் போட்டார்.

தான் மோசடி செய்யவில்லை என்று ஐவி மனதார நம்பினார் என்பதை விசாரித்த நீதிபதியே ஏற்றுக்கொண்டார். ஆனால் 2017 அக்டோபரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அது போதாது என்றது. சீட்டுப் பெட்டிக்குள் தானே கையை விட்டு அடுக்கினால் மோசடி என்றால், விவரம் தெரியாத பணியாளரின் கையால் அடுக்க வைத்ததும் மோசடிதான். எனக்கும் அதுதான் படுகிறது. கண் கூர்மை அவர்களுடைய சொத்து, அந்தப் பணியாளரின் கை அவர்களுடையதல்ல.

இன்னொரு வழக்கில் எனக்கு உடன்பாடில்லை. அதே 2012இல் அட்லாண்டிக் சிட்டியின் கோல்டன் நக்கெட்டில் கலைக்காத சீட்டுக்கட்டு மேசைக்கு வந்துவிட்டது. ஒரே வரிசை திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்த ஆட்டக்காரர்கள் 10 டாலரிலிருந்து 5,000 டாலருக்குத் தாவினார்கள். விதிப்படி கலைக்காத சீட்டு என்பதால் அந்த ஆட்டமே செல்லாது, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று 2015இல் நீதிமன்றம் சொன்னது. பொய் சொல்லாமல், யாரையும் எதையும் செய்ய வைக்காமல், கண்ணைத் திறந்து வைத்திருந்தவர்கள் அவர்கள். தோற்றிருந்தால் கேசினோ கூப்பிட்டுத் திருப்பித் தந்திருக்குமா?

இனி உங்கள் மச்சான். அவர் எதையும் திட்டமிடவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜெயிக்கவும் இல்லை. ஆட்டம் முடிந்து, தோற்ற பிறகு வந்த பணம் அது. பசியாறிய கடையில் 10 வெள்ளிக்குப் பதில் 50 வெள்ளிக்கு மீதம் கொடுத்தால் வாங்கிப் பையில் போடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நம் நாட்டின் 1950 ஒப்பந்தச் சட்டம் 73ஆம் பிரிவில், தவறுதலாகக் கொடுத்த பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஊரை மொட்டையடிக்கிற தவ்கேக்கு 600 வெள்ளி கண்ணிலேயே படாது. மேசைக்கு மேலே இருக்கும் கேமராவில் அந்தப் பெண்ணின் கை படும். மேற்பார்வையாளர் முன்னால் நின்று பதில் சொல்லப் போவது அவள்தான். நம்மூர்ப் பிள்ளைகளும் கடல் தாண்டிப் போய் இந்த வேலை பார்க்கிறார்கள். “அக்கா, இது 21” என்று சொல்ல எத்தனை நொடி ஆகியிருக்கும்?

ஐசி விஷயம்தான் எனக்கு உண்மையில் கோபம் வரவைக்கிறது. ஒரு ஆளுக்கு ஒரு முறை என்ற போனஸை வேறு ஆளாக நடித்து வாங்குவதை ‘அவனாகக் கொடுத்தது’ என்று சொல்ல முடியாது. அது கிடக்கட்டும். கேசினோவுக்கு நம் நாட்டில் உரிமம் உள்ள ஒரே இடம் கெந்திங் மலை. ஆன்லைனில் நடப்பது சட்டவிரோதம். அங்கே போய் உங்கள் மாமியாரின் ஐசி படத்தையும் வங்கிக் கணக்கையும் கொடுத்திருக்கிறார். நாளைக்கு அந்தக் கணக்கு வழியாக யாரோ ஏமாற்றிய பணம் போய் வந்தால், கழுதைக் கணக்கு, அதாவது மோசடிப் பணத்தைக் கைமாற்ற இரவல் கொடுத்த கணக்கு, என்று போலீஸ் கூப்பிடுவது அந்த அம்மாவைத்தான். சலுகை மச்சானுக்கு, ஸ்டேஷன் மாமியாருக்கா?

இந்த வாரமே மாமியாரையும் சித்தியையும் வங்கிக்குக் கூட்டிப்போய்க் கணக்கில் தெரியாத பணம் ஏதும் வந்து போயிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மோசடிப் புகாருக்கான 997க்கு அழைத்துச் சொல்லிவிட்டுப் போலீசிலும் புகார் கொடுங்கள். காரை மச்சானே ஓட்டட்டும். போகிற வழியில் எதற்காகப் போகிறோம் என்று அவரே அவர்களுக்குச் சொல்லட்டும்.