காலேஜ் பாஸ்கெட்பாலை விட என்பிஏ (அமெரிக்காவோட புரொஃபஷனல் பாஸ்கெட்பால் லீக்) தான் பிடிக்கும்னு சொல்றவங்க யாராவது இருக்கீங்களா? ஏன்?

நான் இருக்கேன். ஆனா நான் இருக்குற ஊர்ல இதை சத்தமா சொல்லிட்டு நிம்மதியா நடமாட முடியாது. அமெரிக்கால வட கரோலைனா மாநிலத்துல கேரிங்குற ஊரு, 2013ல வேலைக்காக வந்து சேர்ந்தேன். காரை எடுத்தா அரை மணி நேரத்துல டியூக் யூனிவர்சிட்டி, அதே மாதிரி யூஎன்சியும் (வட கரோலைனா யூனிவர்சிட்டி), ரெண்டுக்கும் நடுவுல பத்து மைல் சொச்சம் தான். டியூக் சட்டை அடர் நீலம், யூஎன்சி சட்டை இளநீலம். ஊரே ரெண்டா பிரிஞ்சு கிடக்கும், ஒரே வீட்டுல புருஷன் ஒரு நீலம் பொண்டாட்டி ஒரு நீலம்னு பார்த்திருக்கேன்.

எங்க பக்கத்து வீட்டுக்காரர் யூஎன்சில படிச்சவரு, அறுபது வயசு மனுஷன். 2022 ஏப்ரல்ல அரையிறுதில டியூக்கும் யூஎன்சியும் மோதுச்சு, மார்ச் மேட்னெஸ்னு சொல்ற காலேஜ் சாம்பியன்ஷிப் டோர்னமென்ட்ல ரெண்டு பேரும் மோதினது அதுதான் முதல் தடவை, போதாக்குறைக்கு 42 சீசன் டியூக்குக்கு கோச்சா இருந்த கோச் கே அதோட ரிட்டயர் ஆகுறாரு. யூஎன்சி 81-77ன்னு ஜெயிச்சதும் இவரு தரைல மண்டி போட்டு அழுதாரு. ரெண்டு நாள் கழிச்சு பைனல், கான்சஸ் யூனிவர்சிட்டி கூட பாதி நேரத்துல 40-25ன்னு முன்னாடி இருந்துட்டு 72-69ன்னு தோத்தாங்க. மறுநாள் குப்பைத் தொட்டிய ரோட்டோரம் வைக்கக்கூட ஆளு வெளிய வரல.

அவரு அழுறது எனக்குப் புரியுது, பதினெட்டு வயசுல அங்க இருந்தவரு. நான் படிச்சது சேலம் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ், அங்க பாஸ்கெட்பால் கோர்ட்டுல பைக் தான் நிக்கும். அடுத்த வீட்டுப் பங்காளிச் சண்டைய வேடிக்கை பார்க்க வந்தவன் எந்தப் பக்கம்னு அழுறது? பாசத்தைக் கழிச்சுட்டு ஆட்டத்தை மட்டும் பார்த்தா எனக்கு என்பிஏ தான்.

காலேஜ்காரங்க பெருமையா சொல்றது என்ன, ஒரே மேட்ச், தோத்தா வீட்டுக்கு, யார் வேணா யாரை வேணா சாய்ப்பாங்க. 2018ல யூஎம்பிசின்னு யாரும் பெருசா கேள்விப்படாத டீம் நம்பர் ஒன் சீடா (சீடுன்னா டோர்னமென்ட்டுக்கு முன்னாடி குடுக்குற தர வரிசை) இருந்த விர்ஜினியாவை 74-54ன்னு அடிச்சுது, 16வது சீடு ஒண்ணாவது சீட ஜெயிச்சது ஆண்கள்ல அதுதான் முதல் தடவை. நானும் சோபால ஏறி நின்னு கத்துனேன், பொய் சொல்லல. ஆனா அந்த மேட்ச்சோட பாதி நேர ஸ்கோர் ஞாபகம் இருக்கா? 21-21. இருபது நிமிஷத்துல இருபத்தோரு பாயிண்டு! காலேஜ்ல ரிங்குக்கு எறியாம பந்தை 30 செகண்ட் வச்சிருக்கலாம், 2015 வரைக்கும் 35. சுத்தி சுத்தி பாஸ் பண்ணிட்டே இருப்பாங்க. என்பிஏல 1950லயே ஒரு மேட்ச் 19-18ன்னு முடிஞ்சு ஜனம் கடுப்பாகி, 1954ல 24 செகண்ட் கடிகாரத்தைக் கொண்டு வந்துட்டாங்க.

அதை விட முக்கியம், அடி வாங்கின விர்ஜினியா அடுத்து என்ன பண்ணிச்சு? ஒண்ணும் பண்ணல, பஸ் ஏறிட்டாங்க. (அடுத்த வருஷம் கப்பு ஜெயிச்சாங்க, அது வேற கதை.) எனக்கு அந்த "அடுத்து என்ன" தான் வேணும். என்பிஏ பிளேஆஃப்ல, அதாவது சீசன் முடிஞ்சு கப்புக்காக நடக்குற சுத்துல, ஒரே டீமையே ஏழு தடவை வரைக்கும் பார்க்கணும், நாலு ஜெயிச்சாதான் மேல போக முடியும், திங்கக்கிழமை ஏமாத்தின வித்தை வியாழக்கிழமை ஓடாது.

2015 என்பிஏ பைனல்ஸ எடுத்துக்கோங்க, கோல்டன் ஸ்டேட்டும் கிளீவ்லேண்டும். கோல்டன் ஸ்டேட் 2-1ன்னு பின்னாடி. கிளீவ்லேண்டுல மோஸ்கோவ், டிரிஸ்டன் தாம்ப்சன்னு ரெண்டு மலை, ரிங்குக்குக் கீழ நின்னுக்கிட்டு எல்லாத்தையும் அள்ளுறாங்க. கோல்டன் ஸ்டேட் கோச் ஸ்டீவ் கெர்ரோட உதவியாளர் நிக் யூரென், வீடியோ போட்டுப் பார்க்குறது தான் வேலை, அவரு முந்தின வருஷ பைனல்ஸ போட்டுப் பார்க்குறாரு. அதுல சான் அன்டோனியோ மூணாவது மேட்ச்ல ஸ்ப்ளிட்டர்ங்குற உயரமானவனை உக்கார வச்சுட்டு போரிஸ் டியாவை இறக்கி மொத்தக் கதையையும் மாத்திருப்பாங்க. அதையே நாம பண்ணா என்னன்னு கெர்ருக்கு நடுராத்திரில மெசேஜ். நாலாவது மேட்ச்ல ஏழடி போகட் வெளிய, அந்த சீசன்ல அதுவரை ஒரு மேட்ச்ல கூட முதல் அஞ்சு பேர்ல இறங்காத இகுவோடாலா உள்ள. டிரேமண்ட் கிரீன் ஆறரை அடி, வழக்கமா ரொம்ப உயரமானவங்க ஆடுற சென்டர் இடத்துல அவன்! மோஸ்கோவ் அன்னைக்கு 28 பாயிண்டு எடுத்தான், எடுத்துக்கோன்னு விட்டுட்டு இவங்க ஓடியே ஜெயிச்சாங்க, 103-82. அடுத்த மேட்ச்ல கிளீவ்லேண்டும் சின்ன ஆளுங்களை இறக்கிச்சு, 28 எடுத்த அதே மோஸ்கோவ் ஒன்பது நிமிஷம், சைபர் பாயிண்டு. சீரிஸ் 4-2, பைனல்ஸ் எம்விபி (சிறந்த ஆட்டக்காரர்) இகுவோடாலா. செஸ் மாதிரின்னு எல்லாத்துக்கும் சொல்லுவாங்க, இது நிஜமாவே அப்படித்தான் இருந்துச்சு.

இன்னொண்ணு, காலேஜ்ல ஒரு பையனை பிடிச்சுப் போனா அவன் அடுத்த வருஷம் இருக்க மாட்டான். பெரிய ஸ்டாரா இருந்த ஸயான் வில்லியம்சன் டியூக்ல ஒரே ஒரு சீசன், அப்புறம் என்பிஏ. இப்ப ஒரு காலேஜ்ல இருந்து இன்னொண்ணுக்கு டிரான்ஸ்பர் வேற, வருஷா வருஷம் புது முகம், சட்டை மட்டும் பழசு. யோகிச், கியானிஸ், டான்சிச் மாதிரி ஐரோப்பால இருந்து வந்த ஸ்டாருங்க எல்லாம் அமெரிக்க காலேஜ் பக்கமே வந்தவங்க இல்ல, அவங்களைப் பார்க்கணும்னா என்பிஏ தான். பசங்க பேரை வச்சு பசங்களே காசு பார்க்கலாம்னு விட்டதே 2021ல தான், அது வரைக்கும் கோச்சுங்க கோடி கோடியா வாங்கிட்டு இருந்தாங்க, பசங்களுக்கு ஸ்காலர்ஷிப். அதுவும் ஒரு மாதிரி உறுத்திட்டே இருந்துச்சு.

என்பிஏல குறையே இல்லையான்னா, 82 மேட்ச் ரொம்ப ஜாஸ்தி, ஜனவரில பாதி பேரு தூங்கிட்டே ஆடுவாங்க. எங்க மாநிலத்து ஷார்லட் டீம் 2011-12 சீசன்ல 66 மேட்ச்ல ஏழே ஏழு தான் ஜெயிச்சுது, அந்த லட்சணத்துல தான் நான் பெருமை பேசுறேன்.

ஜூன் மாசம் பக்கத்து வீட்டுக்காரரும் என் வீட்டுக்கு வந்து பைனல்ஸ் பார்ப்பாரு, என் வொய்ஃப் சுடுற மசால் வடைக்காகன்னும் வச்சுக்கலாம். 2015ல அந்த நாலாவது மேட்ச் ஓடும்போது இகுவோடாலாவை ஏன் இறக்கிருக்காங்கன்னு நான் மூச்சு விடாம விளக்கிட்டு இருக்கேன், மனுஷன் வடைய மென்னுக்கிட்டே கோல்டன் ஸ்டேட்ல இன்னொருத்தனைக் காட்டி, "ஹாரிசன் பார்ன்ஸ், யூஎன்சி பையன்"ங்குறாரு.